தூரிகை பிடித்த கை

நகல் என்றால் நம்மவர் நாவில் ஓர் ஏளனம் எழுகிறது. "அசலன்று, நகல்தான்!" என்று கூறி உதட்டைப் பிதுக்குவோர் பலர். ஆனால் தோழர்களே, குறிஞ்சிப்பாடித் தறியிலே நாளெல்லாம் அமர்ந்து, நேற்று நெய்த கட்டத்தையே இன்றும் நெய்து, நாளையும் அதனையே நெய்யப்போகும் நெசவாளியை நோக்கி, "நீ நெய்வது நகல்" என்று கூறிட எவருக்கேனும் துணிவு வருமா? இழைதோறும் கண் விழித்திருக்க வேண்டும். ஓடத்துக்கு ஓடம் கை விழிப்பாயிருக்க வேண்டும். ஒரே கட்டந்தான்; எனினும் ஒவ்வொரு கைலியும் ஒரு கையின் உழைப்பு. அந்தக் கைக்குப் பெயருண்டு, பசியுண்டு, திறமையுண்டு. துணியை உடுத்துவோர் அந்தப் பெயரைக் கேட்பதில்லை; அவ்வளவே!

ஓவியத்திலும் இக்கதை நடந்திருக்கிறது. இடைக்காலக் கிறித்தவ ஓவியங்களும், அவற்றைப் பார்த்துக் கையால் தீட்டப்பட்ட நகல்களும் நாடு விட்டு நாடு சென்று, கடல் கடந்து, நம் மண்ணையும் தொட்ட வரலாறு அது. அந்த வரலாற்றிலே வரைந்தவன் மறைந்தான். வரையாதவர் பெயர் நின்றது. அது எப்படி நேர்ந்தது, மறைக்கப்பட்ட பெயர் எப்படி மீண்டும் வெளிப்பட்டது என்பதை இக்கட்டுரையிலே காண்போம்.

சென்னைக்கு அருகே பரங்கிமலை இருக்கிறது. அதன் உச்சியிலே 1523-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயம். அங்கே மரப்பலகையில் தீட்டிய பழைய ஓவியம் ஒன்று: மரியாள், கையிலே குழந்தை. இதனை வரைந்தவர் யார் என்று வினவினால் பக்தர்கள் தயங்காது விடை தருவர்: "நற்செய்தி எழுதிய லூக்கா வரைந்தார், தோமா கொண்டுவந்தார்". பரங்கிமலையில் மட்டுமா இப்பேச்சு? உரோமாபுரியிலே சாந்தா மரியா மச்சோரே தேவாலயத்தில் உள்ள மரியாள் படமும் லூக்கா வரைந்ததாம். அதே நகரில் சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்தில் உள்ளதும் லூக்கா வரைந்ததாம். கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்து, பின்னர் அழிந்துபோன படமும் லூக்காவின் கைவண்ணந்தானாம். உலகெங்கும் இவ்வாறு கூறப்படும் படங்களை எல்லாம் ஒருவரே வரைந்திருப்பின், லூக்காவுக்கு நற்செய்தி எழுத நேரம் ஏது, மருத்துவம் பார்க்க நேரம் ஏது?

நையாண்டிக்காக இதனைக் கூறவில்லை. வரலாற்று முறையிலே கேட்போம். விவிலியத்தில் லூக்காவைப் பற்றிய குறிப்பு உண்டா? உண்டு. கொலோசையருக்கு எழுதப்பட்ட மடல் அவரை மருத்துவர் என்கிறது. ஓவியர் என்கிறதா? எங்குமே இல்லை. அடுத்து, கிறித்தவ சமயத்தின் தலைசிறந்த அறிஞருள் ஒருவரான அகஸ்டினைக் கேட்போம். 430-ஆம் ஆண்டில் மறைந்த அவர், மரியாளின் முகம் எப்படியிருந்தது என்பதை நாம் அறியோம் என்று தமது நூலிலே வெளிப்படையாக எழுதினார். அவர் காலத்தில் மரியாளை நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்று இருப்பதாக மக்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த அறிஞர் அவ்வாறு எழுதியிருப்பாரா? எழுதினார் என்றால், ஓவியர் லூக்கா அன்று இன்னும் பிறக்கவில்லை என்பதே பொருள். மருத்துவர் லூக்கா இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஓவியர் லூக்கா பிறக்கவில்லை!

பின் எப்போது பிறந்தார்? ஆறாம் நூற்றாண்டு நூலொன்றில் காணப்படும் குறிப்பையே பழையதெனக் காட்டுவர். அதுவும் பிற்காலத்தார் செருகியதோ என அறிஞர் ஐயுறுகின்றனர். எட்டாம் நூற்றாண்டில்தான் இப்பேச்சு உரக்கக் கேட்கிறது. ஏன் அந்த நூற்றாண்டில்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

எட்டாம் நூற்றாண்டிலே பைசாந்தியப் பேரரசில் ஒரு பெரும்போர் மூண்டது. வாளால் மட்டும் நடந்த போரன்று, படத்தைப் பற்றிய போர். உருவங்களை வணங்கலாகாது என்றார் பேரரசர் மூன்றாம் லியோ. படங்கள் இறக்கப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. படத்தைக் காத்த துறவியர் தண்டிக்கப்பட்டனர். 787-ஆம் ஆண்டு நைசியாவிலே கூடிய மன்றம் படங்களுக்கு இடமளித்தது. மீண்டும் தடை வந்தது. 843-ஆம் ஆண்டில்தான் பூசல் ஓய்ந்தது. அந்த வழக்கிலே படத்தின் பக்கம் நின்றோருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. "படம் வரைவது பாவமென்றால், நற்செய்தி எழுதியவரே வரைந்தாரே!" என்று சொல்ல முடிந்தால் எதிரியின் வாய் அடைபடும் அன்றோ? அந்தச் சாட்சியாக நிறுத்தப்பட்டவர்தான் ஓவியர் லூக்கா. வழக்கு வென்றது. வென்றவுடன் சாட்சி வீட்டுக்குப் போகவில்லை, கோயில்தோறும் குடியேறினார். பழைய படம் இருக்கிறதா? வரைந்தவன் பெயர் மறந்துவிட்டதா? "லூக்கா" என்று எழுதிக்கொள்! உள்ளூர் ஓவியன் வரைந்தது என்றால் ஊரார் மட்டுந்தான் வருவர். லூக்கா வரைந்தது என்றால் நாடே திரளும்.

நம் நாட்டார்க்கு இது புதுமையான செய்தியா என்ன? கோயிலைக் கட்டியவன் கல்தச்சன்; தலபுராணம் பாடுவதோ தேவதச்சன் விசுவகர்மாவை. உளி பிடித்துக் கை காய்த்தவன் பெயர் ஊருக்குத் தெரியாது. கையே இல்லாத கற்பனைக்குக் காப்பியம் உண்டு. எந்தச் சமயமாயினும் இந்த ஏற்பாடு ஒன்றுபோலவே இருக்கிறது.

சரி, உண்மையில் அந்தப் படங்கள் எப்படித் தீட்டப்பட்டன? அதனை அறிய அற்புதக் கதைகளைப் புரட்ட வேண்டுவதில்லை. 1400-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியிலே செனீனோ செனீனி என்னும் ஓவியர் ஒரு கைந்நூல் எழுதி வைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆசிரியரிடம் பணிசெய்து கற்றவர். கற்றதை மறைக்காமல், வரிசையாக, சமையற் குறிப்புப் போல எழுதினார்.

முதலிலே நன்கு காய்ந்த பலகை. அதன்மேல் பசை தடவி மெல்லிய துணி ஒட்டல். துணியின்மேல் வெண்சாந்தும் தோற்பசையும் கலந்த பூச்சு, பல படலமாக. அது காய்ந்தபின் தந்தம்போல் மழுங்கத் தேய்த்தல். பொன் வரவேண்டிய இடத்திலே செங்களிமண் பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, விலங்கின் பல்லாலோ மெருகுக் கல்லாலோ தேய்த்து ஒளியேற்றல். பிறகு வண்ணம். அரைத்த வண்ணப்பொடியை முட்டையின் மஞ்சள் கருவோடு குழைத்துத் தீட்ட வேண்டும். இதிலே செனீனி கூறும் நுட்பத்தைக் கேளுங்கள்: இளையோர் முகத்துக்குப் பட்டணத்துக் கோழியின் முட்டை நல்லதாம், அதன் கரு வெளிறியிருக்கும், முதியோர் முகத்துக்கும் கறுத்த முகத்துக்கும் நாட்டுப்புறக் கோழியின் முட்டை ஏற்றதாம், அதன் கரு சிவந்திருக்கும். தெய்வ முகத்தின் ஒளி எங்கிருந்து வந்தது என்று வினவும் இளைஞர்களே, கோழிக்கூண்டிலிருந்து வந்தது! மரியாளின் நீலப் போர்வை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து அன்று, ஆப்கானிய நாட்டுப் படக்சான் மலைச் சுரங்கத்திலிருந்து. அங்கே எவனோ ஒரு தொழிலாளி வெட்டியெடுத்த நீலக்கல், ஒட்டகத்தின் முதுகிலும் கப்பலின் வயிற்றிலும் பயணம் செய்து, அரைக்கப்பட்டு, கழுவப்பட்டு, பொன்னுக்கு நிகரான விலை பெற்று, ஓவியனின் சிப்பியை அடைந்தது.

இம்முறையைப் படிக்கும்போது தஞ்சாவூர் ஓவியம் நம் நினைவுக்கு வருகிறது அன்றோ? அங்கும் பலகை, அதன்மேல் துணி, துணியின்மேல் சாந்துப் பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு. பசையும் வண்ணமும் வேறு. வரையப்படும் தெய்வமும் வேறு. கையின் அறிவு மட்டும் ஒன்றுபோலவே நடக்கிறது. ஏன்? மரம் எங்கும் வெடிக்கும். துணி அதனைத் தாங்கும். சாந்து அதனைச் சமமாக்கும். பொன் எங்கும் மின்னும். பொருளின் இயல்பு சமயம் பார்ப்பதில்லை. அதனால்தான் பொருளோடு பழகும் உழைப்பாளியின் அறிவும் எல்லை பார்ப்பதில்லை.

நகலெடுப்பதற்கும் செனீனி வழி சொன்னார். தோலையோ தாளையோ எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்து, மூலத்தின்மேல் வைத்துக் கோடிழுக்கலாம். கோட்டின்மேல் ஊசித் துளையிட்டு, கரித்தூள் பொதிந்த துணிமுடிச்சால் தட்டி, புதிய தளத்தில் புள்ளியாக இறக்கலாம். பூவேலை செய்வோர் இன்றும் கையாளும் முறை அதுவே. மேலும் ஒன்று கூறினார் அவர்: கற்பவன் நாள்தோறும் சிறந்த ஆசிரியன் ஒருவனின் படத்தை நகலெடுத்துப் பழகட்டும். ஆம், நகலெடுத்தல் திருட்டன்று, அன்றைய பள்ளிக்கூடமே அதுதான்!

இனி, அந்த நகல் எப்படி இந்தியா வந்தது என்று காண்போம்.

1569-ஆம் ஆண்டு. இயேசு சபையின் தலைவராக இருந்த பிரான்சிஸ்கோ போர்ஜியா, சாந்தா மரியா மச்சோரே தேவாலயத்தின் படத்தை நகலெடுக்கப் போப் ஐந்தாம் பயஸின் ஒப்புதலைப் பெற்றார். அதுவரை எளிதில் அணுக முடியாதிருந்த படம் அது. நகல்கள் பல எழுந்தன; பல நாடுகளுக்குப் புறப்பட்டன. அந்தப் படத்தின் வயதைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். ஆனால் முதல் நூற்றாண்டில் லூக்கா வரைந்தது என்று எந்தக் கலை வரலாற்று அறிஞரும் கூறார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மறைந்த போப் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டது இதே தேவாலயத்தில்தான். ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அந்தப் படத்தின் முன் வந்து நின்றவர் அவர். இன்றும் அந்தப் படத்துக்கு அத்துணை மதிப்பு.

1580-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்களின் இறுதி. பதேபூர் சிக்ரி நகரிலே, அக்பரின் அவைக்கு, கோவாவிலிருந்து இயேசு சபைப் பாதிரிமார் வந்து சேர்ந்தனர். அக்வாவிவா, மொன்செராத்தே, என்ரிக்கெசு ஆகிய மூவர். அவர்கள் கொணர்ந்தவற்றுள் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியம் ஒன்று. உரோமாபுரி மரியாள் படத்தின் கைந்நகல் ஒன்று. பேரரசர் அவர்களுடைய சிற்றாலயத்துக்கு வந்தார், படத்தைக் கண்டார். இசுலாமியர் முறையிலும், கிறித்தவர் முறையிலும், இந்துக்கள் முறையிலும் வணங்கினார் என்று பாதிரிமாரின் மடல்கள் கூறுகின்றன. மதம் மாறிவிடுவார் என்று அவர்கள் மகிழ்ந்தனர். மாறவில்லை அவர். ஆனால் அவருடைய ஓவியச்சாலை மாறிற்று!

அந்த ஓவியச்சாலையைப் பற்றி ஒரு சொல். அங்கே தஸ்வந்த் என்று ஓர் ஓவியன் இருந்தான். யார் மகன்? பல்லக்குத் தூக்கியின் மகன். சிறுவனாயிருந்தபோது சுவரிலே படம் கிறுக்கிக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட அக்பர், அவனை ஓவிய ஆசிரியர் அப்துல் சமதிடம் ஒப்படைத்தார். சின்னாளில் அவன் எல்லோரையும் விஞ்சினான் என்று அவையின் வரலாற்றாசிரியர் அபுல் பசல் எழுதிவைத்தார். அவன் முடிவு துயரமானது. மனநோயுற்று 1584-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். எனினும் எண்ணிப் பாருங்கள்: "பல்லக்கு சுமக்கப் பிறந்தவனுக்குத் தூரிகை எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கை வாழ்நாள் முழுதும் தண்டு சுமந்தே காய்த்துப் போயிருக்கும். அவ்வாறு கேட்கப்பட்டு, காய்த்துப்போன கைகள் இந்நாட்டில் எத்தனை கோடி! திறமை பிறப்பிலே இல்லை, வாய்ப்பிலே இருக்கிறது என்பதற்கு மொகலாய ஓவியச்சாலையின் சுவரே சான்று.

அந்தச் சாலையிலே கேசு தாஸ் என்பவர், ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றைக் கண்டு, நற்செய்தியாளர் மத்தேயுவும் வானவனும் இருக்கும் காட்சியை வண்ணத்தில் வரைந்தார். 1588-ஆம் ஆண்டை ஒட்டிய அப்படம் இன்று ஆக்சுபோர்டு நூலகத்தில் இருக்கிறது. வரைந்தவர் இந்து, வரையச் செய்தவர் இசுலாமிய அரசர், வரையப்பட்டவர் கிறித்தவப் புனிதர். மூன்று மதத்தார் முட்டிக்கொள்ளாமல் ஒரே தாளிலே அமர்ந்துவிட்டனர், வேலை நன்றாயிருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தால்!

1600-ஆம் ஆண்டிலே அபுல் அசன் என்ற சிறுவன், செருமானிய ஓவியர் டூரர் 1511-இல் செதுக்கிய சிலுவைக் காட்சியிலிருந்து யோவானின் உருவத்தை மட்டும் தனியே எடுத்து வரைந்தான். துயரத்தில் கைகளைப் பின்னி நிற்கும் உருவம். படத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, வரைந்தவனுக்குப் பதின்மூன்றாம் வயது நடக்கிறதென்று. டூரர் இறந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அவர் பெயரையும் கேட்டிராத நாட்டிலே, ஒரு சிறுவனின் கை அவர் கோட்டினைப் பின்தொடர்ந்தது. இதனினும் பெரிய மாணவன் டூரருக்குக் கிடைத்திருப்பானா? ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ 1616-ஆம் ஆண்டில் தாம் கொணர்ந்த சிறு ஓவியத்தை சகாங்கீரிடம் காட்டினார். சில நாட்களில் ஆறு படங்கள் அவர்முன் வைக்கப்பட்டன. ஐந்து நகல், ஒன்று அவருடையது. விளக்கொளியிலே தம்முடையது எதுவெனக் காணத் தடுமாறியதைத் தம் நாட்குறிப்பிலே அவரே எழுதினார். ஏளனத்துடன் வந்த வெள்ளையர் வியப்புடன் திரும்பினார்.

இப்போது 1602-ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஆக்ரா நகரம். அங்கே பாதிரிமாரின் தேவாலயத்தில் இன்னொரு நகல் காட்சிக்கு வைக்கப்பட்டது. உரோமாபுரி சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்துப் படத்தின் நகல். ஊரே திரண்டது. இசுலாமியரும் இந்துக்களும் கூட்டங்கூட்டமாக வந்தனர். பேரரசர் அதனைத் தம் அரண்மனைக்கு எடுத்துவரச் செய்து, அந்தப்புரத்தார்க்கும் காட்டினார். பாதிரிமார் என்ன சொல்லியிருப்பர்? அவர்கள் நம்பியதைத்தான்: மூலப்படம் லூக்கா வரைந்தது. வந்தவர்கள் வியந்தனர், கண்ணீர் விட்டோரும் உண்டாம்.

அந்த மூலப்படத்தின் கதை நம் நாளிலே புதிய திருப்பம் கண்டது. நெய்வேலித் தோழர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: 1957-இல் தோண்டத் தொடங்கி, மண்ணை அள்ளி அள்ளி அகற்றி, 1961-இல்தான் பழுப்பு நிலக்கரியைத் தொட்டனர். மேலே நின்று பார்ப்பவனுக்கு மண் மட்டுமே தெரியும். தோண்டியவனுக்கே கரி தெரியும். உரோமாபுரியிலும் அவ்வாறே செய்தனர். பழம்பொருள் சீரமைப்போர் அந்தப் படத்தின் மேலிருந்த அழுக்கையும் பிற்காலப் பூச்சையும் பொறுமையுடன் அகற்றினர். 2018-இல் வெளிவந்த அவ்வாய்வு, அடியிலே ஒரு பெயரைக் காட்டிற்று. யார் பெயர்? லூக்காவா? இல்லை. பிலிப்போ ருசுத்தி!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கைவினைஞர் அவர். சாந்தா மரியா மச்சோரே தேவாலயத்தின் முகப்பிலே கண்ணாடிச் சில்லுகள் பதித்த பெருஞ்சித்திரத்தைச் செய்து, "இதனை ஆக்கியவன் நான்" என்று பெயர் பொறித்தவரும் அவரே. தம் பெயரை எழுதித்தான் வைத்தார். காலம் அதன்மேல் புகையைப் படியவிட்டது. பக்தி அதன்மேல் வேறொரு பெயரை ஏற்றிவிட்டது. ஆக்ராவிலே மக்கள் கண்டு உருகிய முகம் ஓர் உழைப்பாளியின் முட்டைக் கருவிலே பிறந்த முகம். அந்த உண்மை வெளிவந்ததால் படத்தின் அழகு குறைந்துவிட்டதா? ஒரு நூலிழையும் குறையவில்லை! அற்புதம் என்றால் வாய் பிளந்து நிற்கலாம், அவ்வளவே. மனிதன் செய்தது என்றால், "எப்படிச் செய்தான்? நாமும் செய்யலாமா?" என்று கேட்கலாம். முன்னது மண்டியிட வைக்கும், பின்னது கற்க வைக்கும். பகுத்தறிவு எந்த அழகையும் அழிப்பதில்லை, அழகைப் படைத்தவனுக்குரிய கூலியைப் பெற்றுத் தருகிறது.

நகல் போன இடமெல்லாம் முகமும் மாறிற்று. சீனாவில் அதே உரோமாபுரிப் படத்தைப் பார்த்துப் பட்டுச் சுருளிலே வரைந்தான் ஒரு சீன ஓவியன். மரியாள் சீனப் பெண்ணானாள், குழந்தை சீனச் சிறுவனாயிற்று. அச்சுருள் இன்று அமெரிக்காவின் சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. குறிஞ்சிப்பாடியிலிருந்து நெடுந்தொலைவன்று, விருத்தாசலம் பக்கத்திலே கோணான்குப்பம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் அங்கே. இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழ்நாடு வந்து, சதுரகராதி தொகுத்து, எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலே தெளிவாக்கி, 1747-இல் மறைந்த அந்தக் கொன்ஸ்தான்சோ பெஸ்கி, மரியாளைத் தமிழ்ப் பெண்ணாக, சேலையுடுத்திய கோலத்திலே நிறுத்தினார். தாம் கருதிய வடிவத்தைக் காட்டி, மணிலாவிலே செய்வித்துக் கப்பலில் வரவழைத்தார் என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. வைத்த பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் கோயிலில் உள்ள அம்மனின் பெயரும் பெரியநாயகிதான்! சேலை மாறவில்லை, பெயர் மாறவில்லை, மதம் மட்டும் மாறிற்று.

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? தெய்வம் தன் உருவிலே மனிதனைப் படைத்தது என்கிறது விவிலியம். ஓவிய வரலாறோ, ஒவ்வொரு நாட்டு மனிதனும் தன் உருவிலே தெய்வத்தைத் தீட்டிக்கொண்டான் என்பதைப் படம் படமாகக் காட்டுகிறது. குறிஞ்சிப்பாடி வட்டத்துக்குட்பட்ட வடலூரிலே இராமலிங்க அடிகள் 1872-இல் ஞானசபை நிறுவியபோது, முகமுள்ள உருவம் எதனையும் நடுவே வைக்காமல், ஏழு நிறத் திரைகளுக்குப் பின்னே ஒளியை மட்டும் வைத்தார். முகம் வைத்தால் எவர் முகம், எந்தக் குலத்தின் முகம் என்ற வினா எழும். ஒளிக்கு முகமில்லை; எனவே ஒளியைக் காட்டி எவரையும் வெளியே நிறுத்த முடியாது. அதற்கும் ஐந்தாண்டு முன்னரே, 1867-இல், சோறிடும் தருமச்சாலையைத் திறந்துவிட்டார் அவர் என்பதையும் மறத்தலாகாது.

நகலெடுக்கும் கையின் கதையிலே ஒரு பெண்மணிக்கும் இடமுண்டு. கிறித்தியானா எரிங்காம் என்னும் ஆங்கிலப் பெண். இத்தாலியப் பழைய ஓவியங்களை, முட்டைக் கருவைக் குழைத்துத் தம் கையாலேயே நகலெடுத்தவர். செனீனியின் நூலை 1899-இல் ஆங்கிலமாக்கியவர். வெறும் மொழிபெயர்ப்பன்று; ஒவ்வொரு முறையையும் செய்து பார்த்துச் சரியா எனச் சோதித்து எழுதினார். படித்ததை நம்பாமல் பலகையில் தீட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஆய்வுக்கூடத்தின் பழக்கமன்றோ? பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலங்களுக்குக் கொடி தைத்துத் தந்த கையும் அதுவே.

அந்தப் பெண்மணி இந்தியா வந்தார். 1909 முதல் 1911 வரையிலான குளிர்காலங்களிலே அசந்தாக் குகைகளில் அமர்ந்து சுவரோவியங்களை நகலெடுத்தார். அவருக்குத் துணைநின்றோர் நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார், வெங்கடப்பா, சமரேந்திரநாத் குப்தா, ஐதராபாத்திலிருந்து வந்த சையத் அகமது, முகம்மது பசலுத்தீன் ஆகியோர். மரியாளைத் தீட்டிப் பழகிய கை போதிசத்துவரைத் தீட்டிற்று. எந்தத் தெய்வமும் சினங்கொண்டு தடுக்கவில்லை. 1915-இல் அந்நகல்கள் நூலாக வெளிவந்தன. அவருக்கு முன்னும் முயன்றோர் உண்டு. இராபர்ட் கில் 1844 முதல் பல்லாண்டு பாடுபட்டு வரைந்த நகல்கள் 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் எரிந்தன. கிரிபித்சும் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவரும் 1872 முதல் வரைந்தவற்றுள் பல 1885-இல் அதே நகரில் இன்னொரு தீயிலே கருகின. எந்த வானவனும் இறங்கிவந்து தீயணைக்கவில்லை. காத்தது எது? மீண்டும் உட்கார்ந்து வரைந்த மனிதக் கைதான்.

நம் பக்கத்திலும் இதுபோன்றதொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, 1931-இல் தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையிலே நுழைந்தார். நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்திருந்த இடத்திலே அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதைக் கண்டார். தொள்ளாயிரம் ஆண்டுகள் இருட்டிலே கிடந்த கோடுகள்! இராசராசனின் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டுகளிலே நூற்றுக்கணக்கில் உண்டு. ஆடற்பெண்டிர் நானூற்றுவரின் பெயர்களும் வீட்டு வரிசைப்படி உண்டு. ஆனால் அந்த ஓவியங்களைத் தீட்டியவன் பெயர் எந்தக் கல்லிலே இருக்கிறது? உரோமாபுரி ஓவியனாவது பூச்சுக்கு அடியிலே கையெழுத்து வைத்தான். நம் ஓவியன் அதுவுமின்றிப் போனான். அவனுக்குப் பெயரில்லாமையால் அல்ல, பெயரைக் கேட்பார் இல்லாமையால்!

இன்று விசையைத் தட்டினால் ஆயிரம் படம் அச்சாகிறது. எனினும் உலகெங்கும் இடைக்காலக் கிறித்தவ ஓவியங்களைக் கையால் நகலெடுப்போர் இருக்கின்றனர். பலகை அறுத்து, சாந்து பூசி, முட்டை உடைத்து, செனீனி சொன்னபடியே தீட்டுகின்றனர். ஏன் இந்த வீண்வேலை என்று கேட்போருக்கு விடை எளிது. அச்சுப்படம் முகத்தைத் தரும். கைந்நகல் முறையைத் தரும். எந்தப் பூச்சு முன்னே, எது பின்னே, எந்த இடத்தில் ஓவியனின் கை தயங்கிற்று, எங்கே துணிந்தது என்பதைக் கண் மட்டும் கற்றுவிட முடியாது, கையும் உடன் கற்க வேண்டும். பழைய படம் பழுதடைந்தால் அதனைச் சீர்செய்யும் அறிவும் இத்தகைய கைகளில்தான் தங்கியிருக்கிறது. லூக்காவைப் பிலிப்போவிடமிருந்து பிரித்தறிந்ததும் இந்த அறிவுதான், நம்பிக்கையன்று.

ஆகவே இளைஞர்களே! மாதா கோயிலுக்குச் சென்றாலும், மலைக்கோயிலுக்குச் சென்றாலும், பள்ளிவாசலின் பூவேலைப்பாட்டின்முன் நின்றாலும், ஒரே வினாவைக் கையோடு கொண்டு செல்லுங்கள்: இதனைச் செய்தவர் யார்? விடை கிடைத்தால் எழுதி வையுங்கள். உங்கள் ஊரில் தேர்ச்சீலை தைப்பவர், சுவரில் எழுத்து எழுதுபவர், கண்ணாடியில் படம் வரைபவர், பாவு ஓட்டிக் கட்டம் அமைப்பவர் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் கையாளும் முறைகளையும், அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். படிப்பகத்தின் சுவரிலே அந்தப் பெயர்கள் இடம்பெறட்டும். தொழில் மறைவானது, குலத்துக்குரியது, பிறர்க்குச் சொல்லலாகாது என்பாருக்குச் செனீனியின் நூலையும் தஸ்வந்தின் வாழ்வையும் எடுத்துக் காட்டுங்கள்.

பிலிப்போ ருசுத்தி தம் பெயரை மீட்க எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அடுத்த தலைமுறையின் கைவினைஞன் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அவன் பெயரை இன்றே கேட்போம்; இன்றே எழுதுவோம்.